இரண்டு கல் வைத்த மரம்

எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு விறகு அடுக்கு. அடுக்கு என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். மழையும் வெயிலும் தின்றது போக, பாதி செல்லரித்து, மீதியில் காளான் பூத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் குவியல் அது. அதன் உச்சியில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று ஆற்றிலிருந்து எடுத்த கருங்கல். தேங்காய் அளவு இருக்கும், கை பட்டுப் பட்டு வழவழத்தது. இன்னொன்று வெள்ளை வெங்கச்சங்கல். அதற்கு ஒரு ஓரம் மூளி. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் காபியைக் குடித்துக்கொண்டே, "என்னாத்துக்குங்க இத இன்னும் வெச்சிருக்கீங்க, பாம்பு கீம்பு அடையப்போவுது" என்று அக்கறையாகக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை ஜேசிபி வைத்து வாரிப் போட்டுவிடலாம் என்று ஆரம்பிப்பார். நான் ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

கருங்கல் என் மாமியாருடையது. வெள்ளைக் கல் அடுத்த தெரு ஆட்டுக்காரம்மாவுடையது. இரண்டு பேருமே இப்போது இல்லை.

எங்கள் ஊர் கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாதிப் பேர் எங்களைப் போல மாதா கோயில்காரர்கள், மீதிப் பேர் ஆட்டுக்காரம்மாவைப் போல மாரியம்மன் கோயில்காரர்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. காற்றில் மரம் விழுந்தால், அது யாருடைய பட்டாவிலும் இல்லாத மரமாக இருந்தால், முதலில் போய் அதன் மேல் ஒரு கல்லை வைத்தவருக்கு அது சொந்தம். கல்லை வைத்துவிட்டு நிதானமாக வீட்டுக்குப் போகலாம், சோறு தின்னலாம், கொடுவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு மறுநாள்கூட வரலாம். அதுவரை ஒரு சுள்ளியை ஒருவர் ஒடிக்க மாட்டார்கள். விழுந்த மரத்துக்கு மதம் கிடையாது என்பதால் இதில் கோயில் வித்தியாசமும் கிடையாது. மற்றவர்கள் அந்த இடத்தில் கிடைத்த கல்லை எடுத்து வைப்பார்கள். என் மாமியாரும் ஆட்டுக்காரம்மாவும் மட்டும் வீட்டிலிருந்தே தங்கள் கல்லைக் கொண்டுபோவார்கள். காற்று ஊதல் போட ஆரம்பித்தாலே மாமியார் அடுப்படி மூலையில் இருக்கும் கருங்கல்லைத் திரும்பிப் பார்ப்பார்.

இருவரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். ஒன்றாகச் சுள்ளி பொறுக்கி, ஒன்றாகச் சுமை தூக்கி, ஒருவர் தலைச்சுமையை இன்னொருவர் இறக்கிவிட்டு வளர்ந்த சிநேகிதம். எந்த மரம் விழுந்தாலும் யார் முந்துவது என்று அவர்களுக்குள் தீராத போட்டி இருந்தது. முந்தியவர் பிந்தியவரைப் பார்த்து ஊரே கேட்கும்படி சிரிப்பார். பிறகு பாதி விறகைப் பிந்தியவருக்கே கொடுத்துவிடுவார். இந்தக் கணக்கு எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் புரியவே இல்லை. பாதியைக் கொடுப்பதற்கு எதற்கு அப்படி விழுந்தடித்து ஓடவேண்டும்?

நான் இண்டூர்ப் பக்கம். அப்பாவுக்குத் தையல் கடை, வீட்டில் சின்ன வயதிலிருந்தே கேஸ் அடுப்பு. இங்கே வந்த முதல் வாரம், வெந்நீர் அடுப்பில் முருங்கைக் கட்டையைச் சொருகி ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தேன். மாமியார் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. வாசலுக்குப் போய், "ஏய், எம் மருமவ முருங்கைய எரிக்கறா, வந்து பாருடி" என்று ஆட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மாமியாருக்கு மரங்களின் பெயர் இரண்டாம்பட்சம். அவர் மரத்தை மூன்றாகத்தான் பிரிப்பார். சோத்து விறகு, குழம்பு விறகு, வெந்நீர் விறகு. ஒரே சீராக நின்று எரிந்து, கிளறக் கிளறத் தணல் உதிர்ப்பது சோத்து விறகு. துரிஞ்சி, வேலம், நல்ல புளி எல்லாம் அந்த வரிசை. தீ குறைந்தாலும் சூடு குறையாமல் கமுக்கமாக இருப்பது குழம்பு விறகு. மிச்சம் இருப்பதெல்லாம் வெந்நீர் விறகு. அதிலும் சேராத முருங்கை, இலவு, ஒதியன் இதையெல்லாம் பற்றி அவர் பேசவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்துபோகும்போது பச்சையாக நிற்கிற மரங்களைக்கூட அண்ணாந்து பார்த்து மதிப்புப் போடுவார். தர்மபுரிக்கு பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "இந்தப் புளி வுழுந்தா ரெண்டு கல்யாணச் சோறு வெந்துரும்" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

விழுந்த மரத்தைப் பார்க்கிற விதமும் தனி. முதலில் கொடுவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்பார். பட்டையைச் சீவி முகர்ந்து பார்ப்பார். உள்கட்டையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். கடைசியில் அந்தச் சீவலைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஆட்டுக்காரம்மாவின் வழி வேறு. அவருக்கு எல்லா மரமும் ஆடுகள் வழியாகத் தெரியும். எந்த ஆடு எந்தத் தழையை விரும்பும், எதை முகர்ந்துவிட்டுப் போகும் என்பதிலிருந்து அவர் மரத்தின் குணத்தைச் சொல்வார். இரண்டு வழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

முடியாமல் போனது ஒரே ஒரு மரத்தில்தான்.

எங்கள் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ஒரு பெரிய மரம் நின்றது. பழைய காலத்து மாதா கோயில் சாமியார் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டது என்பார்கள். ஊரில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது. சாமியார் மரம் என்றுதான் சொல்வோம். அது காய்த்து யாரும் பார்த்ததில்லை. ஒரு சித்திரை மாதம், கோடை மழைக்கு முன்னால் அடித்த காற்றில் அது அடியில் முறிந்து சாய்ந்தது. இலையெல்லாம் ஏற்கனவே உதிர்ந்திருந்த நேரம். சத்தம் கேட்டதும் மாமியார் கருங்கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போனபோது ஆட்டுக்காரம்மா மறுபக்கம் வேலி வழியாக வந்துகொண்டிருந்தார். மாமியார் அடிமரத்தில் கல்லை வைத்தார். அதே நேரம் ஆட்டுக்காரம்மா நுனிக்கிளையில் வெள்ளைக் கல்லை வைத்தார். ஒரே மரத்தில் இரண்டு கல். ஊரில் அப்படி நடந்ததே இல்லை. கூடியிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு நியாயம் பேசினார்கள். ஃபாதர் வந்து, "எப்பிடியோ ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பங்கு போட்டிருப்பார்கள். எப்போதும் அப்படித்தானே செய்தார்கள். ஆனால் மாமியார் வழக்கம்போலத் தட்டி, சீவி, முகர்ந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வாகைக்குப் பங்காளி இது. மொதத்தர சோத்து வெறகு" என்றார். ஆட்டுக்காரம்மா கிளையை ஒடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வாகையா? ஒதியனுக்குப் பங்காளிடி இது. இத்தன வருசமா இந்தப் பக்கந்தான் ஆடு ஓட்டுறேன். எந்த ஆடும் இது தழைய மோந்துகூடப் பாத்ததில்ல. இத எரிச்சா புகைதான் வரும், தணல் நிக்காது. நீயே வெச்சிக்க, எனக்கு வேணாம்." இப்படிச் சொல்லிவிட்டுத் தன் வெள்ளைக் கல்லை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்தது. ஆட்டுக்காரம்மா கேலிக்குத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் விறகுக்காரப் பெண்களுக்குள் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வைத்த கல்லை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால், மிச்சம் நிற்கிற கல்லுக்குச் சொந்தக்காரர் குப்பைக்குக் கல் வைத்தவர் ஆகிவிடுவார். மாமியாரின் முகம் கருத்தது. "ஆடு சொல்றதக் கேட்டுத்தான் நீ சோறாக்கறியா? அதான் உன் வூட்டுச் சோறு எப்பவும் புழுக்க நாத்தம்" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டுக்காரம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மரத்தை ஆள் வைத்து அறுத்து, பிளந்து, வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து அடுக்கினார் மாமியார். கரையான் ஏறாமல் அடியில் பலகைக்கல் போட்டார், மேலே தகரம் போட்டார். அப்படி ஒரு ராஜமரியாதை. முதல் நாளே பச்சைக் கட்டை ஒன்றை எரித்துப் பார்த்தார். தெருவெல்லாம் புகை மூடியது. "பச்சைல எது புகையாது? காயட்டும்" என்றார். மழைக்காலம் போய்க் காய்ந்தது. "கோயில் திருவிழாச் சோத்துக்கு எடுக்கலாம்" என்றார். திருவிழா வந்தபோது வேறு விறகு எடுத்தார். "பேரப்புள்ள புதுநன்மைக்கு ஆவட்டும்" என்றார். பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய அந்தப் புதுநன்மை விருந்துக்குச் சமையல்காரர்கள் கேஸ் அடுப்போடு வந்துவிட்டார்கள். ஒரு நாள் நான் வெந்நீருக்கு அதிலிருந்து ஒன்றை உருவப்போனபோது கையிலிருந்து பிடுங்கித் திரும்ப அதே இடத்தில் சொருகினார். "மியூசியத்துலதான் குடுக்கணும் இத" என்று நான் முணுமுணுத்தேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் கேட்காத மாதிரி இருந்தார்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. ஆட்டுக்காரம்மா எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு ஆடு ஓட்டினார். தெருக்குழாயில் பார்த்தால் ஒருவர் குடம் நிரம்பும்வரை இன்னொருவர் தள்ளி நிற்பார். யாராவது ஊரில் மரம் விழுந்தது என்று சொன்னால் மாமியார் எழுந்து ஓடுவதில்லை. "யாரு வேணா வெச்சிக்கட்டும்" என்பார். முந்துவதற்கு ஆள் இல்லாதபோது ஓடி என்ன செய்வது? காலையில் நான் எழுந்து வரும்போது அந்த அடுக்கின் அடியைப் பெருக்கிக்கொண்டிருப்பார். துடைப்பத்தின் முன்னால் மஞ்சளாக ஏதோ மாவு மாதிரி ஓடும். தூசி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கார்த்திகை மாதம், புயல் சின்னம் என்று டிவியில் சொல்லி, அடைமழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அப்படி மழை பெய்வது அபூர்வம். கிணறெல்லாம் வழிந்தது. அந்த மழையில் ஒரு விடியற்காலை ஆட்டுக்காரம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். செய்தி வந்தபோது மாமியார் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. அதே மணியைத்தான் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தார் என்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆட்டுக்காரம்மா வீட்டார் எரிக்கிற வழக்கக்காரர்கள். டவுன் தகனமேடைக்குக் கொண்டுபோகலாம் என்றால் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர். ஐஸ் பெட்டியில் வைத்து மழை விடும்வரை காத்திருக்கலாம் என்றால் ஊரில் கரண்ட் இல்லை. அன்றைக்கே முடித்தாக வேண்டும். எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் தகரக் கொட்டகை இருக்கிறது, நனையாமல் எரிக்கலாம். எரிக்க விறகுதான் இல்லை. இப்போது யார் வீட்டில் விறகு இருக்கிறது? இருந்த கொஞ்சமும் ஈரம். வறட்டி எல்லாம் ஊறிக் கூழாகியிருந்தது. ஊருக்கே தெரிந்த காய்ந்த விறகு ஒன்றே ஒன்றுதான். தகரம் போட்டு, பலகைக்கல் போட்டு, எங்கள் வீட்டுப் பின்னால் இருந்தது.

ஆட்டுக்காரம்மாவின் மகன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். கூட நாலைந்து பேர். வீட்டுக்குள் வராமல் தாழ்வாரத்திலேயே நின்றார்.

"பெரிம்மா, பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. அம்மாவ எடுக்கணும். அந்த வெறகு..." என்றார்.

மாமியார் தலையை நிமிர்த்தாமல், "அந்த வெறகு வேணாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர், "அம்மா, என்னம்மா இது, செத்தவங்ககிட்டப் போயி" என்று குரலை உயர்த்தினார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வன்மமா ஒரு மனுஷிக்கு என்று எனக்கும் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

"எரியலைன்னா?" என்று தன் மகனைப் பார்த்துக் கேட்டார். "பாதில நின்னுருச்சுன்னா? நான் செத்து மேல போயி அவ மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?"

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மாமியார், காய்ந்த பிறகு அந்த அடுக்கிலிருந்து முதல் முறையாக ஒரு கட்டையை உருவினார். உருவியபோது அதன் துளைகளிலிருந்து மஞ்சள் மாவு கொட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வருஷம் யாரும் எழுவதற்கு முன்னால் அவர் பெருக்கித் தள்ளியது தூசி அல்ல. உள்ளே பூச்சி குடைந்து கொட்டிய மரத்தூள். கட்டையை, வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற சமையல் கொட்டாய்க்குள் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்து, காய்ந்த தேங்காய் மட்டையால் பற்றவைத்தார். நாங்கள் எல்லோரும் கொட்டாயின் வாசலில் நின்று பார்த்தோம். சாவு வீட்டு ஆட்கள், அவசரத்தில் வந்தவர்கள், அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டை பிடித்தது. ஒரு நிமிஷம் மாமியார் முகத்தில்கூட ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு புகைய ஆரம்பித்தது. கொட்டாய் முழுக்கப் புகை. ஊதுகுழலால் ஊதிப் பார்த்தார். சடசடவென்று கொஞ்சம் எரிந்து, அப்படியே கருகி அடங்கியது. இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டினார். தணலாக உடைய வேண்டியது சாம்பலாகப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அவ சொன்னதுதான் சரி" என்றார் மாமியார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒதியனுக்குப் பங்காளிதான்."

பிறகு அண்ணாந்து பார்த்தார். அந்தக் கொட்டாய் அவர் மருமகளாக வந்த வருஷம் என் மாமனார் கட்டியது. மேலே நாட்டு ஓடு. உத்தரமும் கைமரமும் முழுக்கத் துரிஞ்சியும் வேலமும், எல்லாம் மாமியார் பார்த்துப் பார்த்துச் சொன்னவை. ஒரு ஆயுசு முழுக்க அவர் மூட்டிய அடுப்பின் புகையைக் குடித்து, கரியாகக் கருத்து, இரும்பாக இறுகியிருந்த மரங்கள். வீட்டுக்குள் கேஸ் வந்த பிறகும் அவர் தன் பாதி நாளை அங்கேதான் கழித்தார். அவருக்கு என்று வீட்டில் ஒரு இடம் இருந்தது என்றால் அது அந்தக் கொட்டாய்தான்.

"பிரிங்கடா" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "ஓட்ட எறக்குங்க. உத்தரத்த எடுங்க. இது சோத்து வெறகு. இதுல ஒரு துண்டுகூடப் புகையாது." என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "நீ ஏறுடா முதல்ல" என்றார். அவர் ஏறினார். கொட்டும் மழையில் ஓடுகளை இறக்கினார்கள். நனையாமல் இருக்க நானும் மற்றப் பெண்களும் வீட்டில் இருந்த போர்வை, உரச்சாக்கு, தார்ப்பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து மரங்களின் மேல் மூடினோம். டிராக்டரில் ஏற்றும்போது மாமியார் ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்து, எது அடியில் அடுக்க வேண்டும், எது நெஞ்சுக்கு நேராக வைக்க வேண்டும் என்று அந்த மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் அழுதுகொண்டே, "சரிங்க பெரிம்மா, சரிங்க பெரிம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

எடுப்பதற்கு முன்னால் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியை மிதித்தார். ஆட்டுக்காரம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தினமும் பேசிக்கொண்டிருந்தவர் மாதிரி சாதாரணமாக, "நீதான்டி ஜெயிச்ச. தணல் நிக்கல" என்றார். "புழுக்க நாத்தம்னு சொன்னேனே, அது பொய்டி. உன் வூட்டுச் சோறு மாதிரி எங்க வூட்ல ஒரு நாளும் வெந்ததில்ல." அதற்குப் பிறகுதான் அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் மாமனார் இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வீட்டுக்கு வந்து பின்பக்கம் நின்றோம். கொட்டாய் இருந்தவரை அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. இப்போது இடுப்பளவே உயரமான நாலு மண்சுவரும் நடுவில் அடுப்பும் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருக்க, வயல் தாண்டிச் சுடுகாட்டுத் தகரம் வரைக்கும் திறந்து கிடந்தது. மழை லேசாக விட்டிருந்தது. முதலில் ஒரு வெளிறிய கோடு எழுந்தது. பிறகு புகை நின்றுபோய் வெறும் வெளிச்சம் தெரிந்தது. மாமியார் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, புகையே இல்ல" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு அந்த மகன் வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டுப் பட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்ததாம். மாமியார் அதை வாங்கிக் கழுவி, தன் கருங்கல்லையும் எடுத்துக்கொண்டுபோய், உதவாத அந்த விறகு அடுக்கின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேலே இருந்த தகரத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அடுக்கை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டார். கொட்டாயைத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ முறை கேட்டார். "எதுக்கு? இப்பத்தான் அந்தப் பக்கம் நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டார்.

போன வருஷம் மாமியாரும் போய்விட்டார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில், அந்தச் சாமியார் மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு போனேன். செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்திருந்த அடிக்கட்டையிலிருந்து இரண்டு மூன்று தளிர் விட்டிருந்தது. ஆட்டுக்காரம்மாவின் பேரன் ஓட்டி வந்த ஆடு ஒன்று வேலிக்குள் தலையை விட்டு அந்தத் தளிரை ருசித்துத் தின்றுகொண்டிருந்தது. நான் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எந்த ஆடும் மோந்துகூடப் பார்த்ததில்லை என்றல்லவா ஆட்டுக்காரம்மா சொன்னார்! "அத்த, ஆடு திங்குது பாருங்க" என்று என்னையறியாமல் கல்லறையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். மேலே இரண்டு பேருக்கும் மறுபடி சண்டை ஆரம்பித்திருக்கும். ஆரம்பிக்கட்டும். கூட வந்த என் மகளால் அந்தத் தளிரைப் படம் எடுக்க முடியவில்லை, ஆடு மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து விறகு அடுக்கைப் போனில் படம் எடுத்து, என்ன மரம் என்று கேட்டுப் பார்த்தாள். அது மரத்தை விட்டுவிட்டு, மேலே முளைத்திருந்த காளானுக்குப் பெயர் சொன்னது.

சில வாரங்களுக்கு முன்னால் அடித்த காற்றில், மெயின் ரோட்டில் ஒரு மரம் விழுந்தது. மெஷின் ரம்பத்தோடு ஆட்கள் வந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் அறுத்து, ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நான் கடைக்குப் போனவள் நின்றேன். ஒரு கல்லால் தட்டிப் பார்த்தேன். பட்டையைக் கீறி முகர்ந்தேன். ஒரு சீவலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் காய்ந்த வாகைக் காய்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்ததால் சந்தேகமே இல்லை. பங்காளி இல்லை, சாட்சாத் வாகையே. அத்தை இருந்திருந்தால் என்ன ஓட்டம் ஓடியிருப்பார்!

வீட்டுக்கு வந்து, பின்வாசலைத் திறந்து, கருங்கல்லை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். அடிமரத்தில் வைத்துவிட்டு, எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். விறகு எனக்கு எதற்கு? வீட்டில் இரண்டு சிலிண்டர் இருக்கிறது. யாராவது வந்து ஒரு கல்லை வைக்க மாட்டார்களா, இது வாகை இல்லடி என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, போனது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், "எங்க போவோணும்ங்க?" என்று கேட்டார்கள். மரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்வாசலைத் திறந்தபோது விறகு அடுக்கின் மேல் வெள்ளைக் கல் மட்டும் தனியாக இருந்தது. அதை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கருங்கல்லை அதன் பக்கத்தில் இடிக்கிற மாதிரி வைத்தேன்.